பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசிய கதை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, எங்கள் எழுத்து ரோல்பிளேயில் என் பாத்திரமான பவுனக்காவின் நாற்பதாவது பதிவைப் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன். எங்கள் குழுவில் நூறு, நூற்றைம்பது பதிவு தாண்டிய ஆட்கள் உண்டு, அதனால் மற்றவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் பெரிய விஷயம். பவுனக்கா முழுக்கப் புதியவள் அல்ல. ஏற்கெனவே ஒரு கதையில் ஆடி முடித்த ஆளிலிருந்து எடுத்தவள். இதற்கு முன்னால் அதே ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இன்னொரு கதையில் நிறுத்தினேன். ஒன்பதாவது பதிவில் படுத்துவிட்டான். சரி, புதிதாகவே செய்வோம் என்று ஒருத்தியைச் செய்தேன். அவள் ஏழிலேயே போனாள். மூன்றாவது தடவைதான் நின்றது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. எழுத்து ரோல்பிளே என்பது கூட்டாகக் கதை எழுதுவது. நாங்கள் ஆறு பேர், டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் எங்களுக்கென்று ஒரு சர்வர், ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் ஒரு பதிவு எழுதுவார், அடுத்தவர் தன் பாத்திரமாக அதற்குப் பதில் எழுதுவார். இன்னொருவர் பாத்திரத்தை நாம் பேசவைக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, சாகடிக்கவே கூடாது. அவ்வளவுதான் விதி.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. டிஸ்கார்டில் டப்பர்பாக்ஸ் என்ற பாட் (bot, தானாக வேலை செய்யும் நிரல்) வைத்திருக்கிறோம். பாத்திரத்தின் பெயர், படம், ஒரு முன்னொட்டு மூன்றையும் அதில் பதிந்து வைத்தால், அந்த முன்னொட்டோடு நாம் தட்டுவது பாத்திரத்தின் பெயரிலேயே வெளியே வரும். பழைய கதைகளை கூகுள் டாக்ஸில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் லேப்டாப், பஸ்ஸில் போன். இங்கே ஓர் அளவைச் சொல்ல வேண்டும். டிஸ்கார்டில் காசு கட்டாத கணக்குக்கு ஒரு பதிவில் 2000 எழுத்துதான். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அது தாராளம். நமக்கு அப்படியில்லை. ‘வந்துகொண்டிருந்தான்’ என்பது நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. யூனிகோடு கணக்கில் அது 19. புள்ளிக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ணிவிடும். ஆகக்கூடி ஒரு பதிவுக்கு ஏறக்குறைய 200 சொல். அந்த 200 சொல்லுக்குள் பாத்திரம் எதையாவது செய்தாக வேண்டும். இது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

முதல் கதை தனுஷ்கோடியில் நடந்தது, 1964-ல். என் ஆள் மரியசூசை, வயது 52, துறைமுக ரயிலடியில் போர்ட்டர். போட் மெயிலில் வந்து இறங்கித் தலைமன்னார் கப்பலுக்குப் போகிறவர்களின் பெட்டிகளைத் தூக்குகிறவன். பெட்டியைக் கையில் எடுத்ததுமே அதன் எடையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவான். “இது திரும்பி வர்ற ஆளோட பெட்டி இல்ல” என்பான். கதை டிசம்பர் 22 இரவுப் புயலில் முடியும் என்று ஆறு பேருக்கும் முதல் நாளே தெரியும். பதினான்கு மாதம் எழுதினோம். என் பங்கு 187 பதிவு. புயலுக்கு முந்தைய நாள் மகளைப் பார்க்க ராமேஸ்வரம் போனதால் மரியசூசை பிழைத்துக்கொண்டான். கடைசிப் பதிவில் வெறுங்கையைத் தூக்கி எடை பார்க்கிறான். அதை எழுதிவிட்டு ஒரு வாரம் எனக்கு வேறு எதிலும் கை ஓடவில்லை. அவனை விட மனசு இல்லை, அதுதான் நிஜம்.

அதனால் அடுத்த கதை ஆரம்பித்ததும் அவனையே கொண்டு வந்தேன்.

அடுத்தது கற்பனை நாடு. உவர்நாடு என்று பெயர் வைத்தோம். உப்புதான் அங்கே காசு. புயலில் கடலில் விழுந்த மரியசூசை அந்த நாட்டுக் கரையில் கண் விழிக்கிறான் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். பிழைத்தவனை இதற்காக மறுபடியும் கடலில் தள்ளியது தனிக் கதை. அவன் யார், எப்படிப்பட்டவன் என்று எழுதி வைத்திருந்த பழைய விவரத்தாள் நான்கு பக்கம். ஒரு வரி மாற்றாமல் ஒட்டினேன். அரை மணி நேர வேலை. எவ்வளவு மிச்சம் என்று நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

மூன்றாவது பதிவிலேயே ஏதோ இடித்தது. நான் எழுதுவதெல்லாம் ‘அவனுக்கு அந்த ரயிலடி ஞாபகம் வந்தது’, ‘மகளின் முகம் ஒரு கணம் தோன்றி மறைந்தது’ என்கிற மாதிரியே வந்தது. எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். எதிரில் இருப்பவர் என்ன செய்வார்? என் ஆளின் ஞாபகத்துக்குள் அவர் பாத்திரம் நுழைய முடியாது. ‘அவன் ஏதோ யோசனையில் இருப்பதைக் கண்டு விலகிப் போனாள்’ என்று எழுதிவிட்டு நிஜமாகவே விலகிப் போனார்கள். பழைய கதையில் கூட இருந்த இரண்டு பேர் மட்டும் எங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் குறிப்புகளாகப் போட, புதிதாக வந்த மூன்று பேரும் கல்யாண வீட்டில் யாரையும் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

ஒன்பதாவது பதிவுக்குப் பிறகு, கொழும்பிலிருந்து எழுதும் தோழி அரட்டை அறையில் வந்து சொன்னாள்: “அண்ணா, கோவிக்க வேண்டாம். உங்கட ஆள் கதை முடிஞ்ச ஆள். இனி அவருக்கு இஞ்ச என்ன வேணும்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. உப்பு வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மரியசூசைக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்பதுதான் உண்மை. அவனுக்கு வேண்டியதெல்லாம் பழைய கதையில் கிடைத்தோ போயோ முடிந்துவிட்டது. அவன் உப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு மலைப் பக்கம் போய்விட்டான் என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். கோவைத் தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னான். எல்லாம் தெரிந்த, எல்லோரும் மெச்சுகிற, எழுதுகிறவரே மயங்கிக் கிடக்கிற பாத்திரத்துக்கு இந்த வட்டாரத்தில் மேரி சூ என்று பெயர். 1973-ல் ஒரு ரசிகர் இதழில் வந்த நையாண்டிக் கதையிலிருந்து கிளம்பியது. “உங்களுது மேரி சூவுக்கு அண்ணன்ங்க, மரிய சூசை.” ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன், எனக்கு ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் குழுவில் மதுரைக்காரர் ஒருவர் எந்தக் கதையானாலும் ஒரே சித்தப்பாவைத்தான் கொண்டு வருவார். தனுஷ்கோடியிலும் சித்தப்பா, உவர்நாட்டிலும் சித்தப்பா. அமோகமாக ஓடுகிறது. அவர் ஆளுக்குக் கதை கிடையாது, வாய் மட்டும்தான்.

அடுத்த தப்பு இதற்கு நேர் எதிர்ப் பக்கம். பழசே வேண்டாம் என்று முடிவு செய்து, அதே உவர்நாட்டுக்குள் நீலவேணி என்று ஒருத்தியைச் செய்தேன். உப்பு வரி வசூலிப்பவள். மரியசூசையில் இருந்த எதுவும் இவளிடம் இருக்கக் கூடாது என்று சபதம். மூன்று வாரம், கணக்குப் பார்த்தால் 26 மணி நேரம், 11 பக்க முன்கதை. அவள் பாட்டி பேசிய பழமொழிகள் வரை எழுதினேன். அரண்மனையில் அவளுக்கு ஓர் எதிரி, அவன் பேர், அவன் வளர்த்த கிளியின் பேர்.

ஏழு பதிவு. ஒரு பதிவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேர ஆயத்தம் என்று வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் குரலே வரவில்லை. வாயைத் திறந்தால் கதைசொல்லி மாதிரியே பேசினாள், அதாவது என்னை மாதிரி. முன்கதையில் அவள் யாரையும் நம்பாதவள். இரண்டாவது காட்சியில் இன்னொருவரின் பாத்திரம் ஒரு குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓட, நான் தாளைப் புரட்டி ‘இவள் இதற்கு என்ன செய்வாள்’ என்று தேடிக்கொண்டிருந்தேன். மரியசூசையாக இருந்தால் குழந்தையை வாங்கியதும் அவன் கை தானாக எடை பார்த்திருக்கும். “ரெண்டு நாளா பால் குடிக்கல போல” என்றிருப்பான். அந்த வரி என் தலைக்குள் வந்தது. நீலவேணிக்கு அது சொந்தமில்லை என்பதால் எழுதவில்லை. குழந்தையோடு அவளை அப்படியே நிறுத்திவிட்டு நான்கு நாள் சர்வர் பக்கமே போகவில்லை. கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொடுத்து அவளை ஊருக்கு அனுப்பினேன்.

ஆனால் அந்த எழுதாத வரிதான் பிறகு உதவியது.

அடுத்த மாதம் வேலையைத் தலைகீழாக ஆரம்பித்தேன். தனுஷ்கோடிக் கதையில் என் பதிவுகளையும், ஒவ்வொன்றுக்கும் அடுத்து வந்த மற்றவர்களின் பதிலையும் மட்டும் தனியாக எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டேன். 212 பக்கம், பக்கம் ஒன்றரை ரூபாய், 318. ஸ்பைரல் பைண்டிங் 40. மூன்று ஸ்கெட்ச் பேனா 30. மொத்தச் செலவு 388 ரூபாய். திரையிலேயே பார்த்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். பார்த்தேன், திரையில் படித்தால் நான் கதைக்குள் போய்விடுகிறேன். தாளில்தான் வெளியே நின்று பார்க்க முடிந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் ஒன்பது மணி நேரம். என் ஆள் எதையாவது நினைத்துப் பார்க்கும் இடத்தில் சிவப்புக் கோடு. கையால், வாயால் எதையாவது செய்யும் இடத்தில் நீலம். அவன் செய்ததால் இன்னொரு பாத்திரம் தன் போக்கை மாற்றிக்கொண்ட இடத்தில் பச்சை. முதல் இருபது பக்கத்துக்குள்ளேயே முகம் சுருங்கிவிட்டது. முடித்து எண்ணியபோது மொத்தம் சிவப்பு 94 இடம். நீலம் 61. நான் உயிரைக் கொடுத்து எழுதியதாக நினைத்ததெல்லாம் சிவப்பு. பச்சையோ நீலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது: 61-ல் 48 இடத்தில் அடுத்தவர் திரும்பியிருக்கிறார். சிவப்புக்கு 94-ல் 11 தான். அந்த 11-லும் பாதி, தோழமைக்காக எழுதிய ‘என்னண்ணே யோசனை’.

137-ஆம் பக்கம் இன்னும் பிரித்தபடியே மேஜையில் கிடக்கிறது. அதில் மரியசூசை ஒரு தகரப் பெட்டியைத் தூக்குகிறான், கீழே வைக்கிறான், மறுபடி தூக்குகிறான். “நேத்தைக்கு இது பன்னெண்டு வீசை. இன்னைக்குப் பத்து. ரெண்டு வீசை எங்க போச்சு தங்கச்சி?” அவ்வளவுதான் பதிவு, நாற்பது சொல்கூட இருக்காது. அதற்கு அந்தப் பெட்டிக்காரியை எழுதியவர் மூன்று பதிவு போட்டு, நகையை விற்ற கதையை அந்த இடத்திலேயே உண்டாக்கினார். அந்தக் காட்சிக்குப் பிறகுதான் முழுக் கதையும் திரும்பியது. நான் செய்தது ஒரு கேள்வி.

பாத்திரம் என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் இருப்பது அப்போதுதான் உறைத்தது. ஈயம் பூசுகிறவர் பழைய பித்தளைப் பாத்திரத்தை வாங்கியதும் ஈயத்தைத் தொட மாட்டார். முதலில் உள்பக்கத்தை மண் போட்டுத் தேய்த்துப் பழைய பூச்சையும் களிம்பையும் எடுப்பார். நான் தேய்க்காமல் பூசியிருக்கிறேன். அதற்கடுத்து, பாத்திரத்தையே தூக்கிப் போட்டுவிட்டுக் களிமண்ணிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

தேய்த்ததில் மூன்று மிஞ்சின. ஒன்று, எடை பார்க்கும் கை. இரண்டு, நேராகக் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் ஒரு எண்ணைச் சொல்லும் பழக்கம். மூன்று, யாரிடமும் கடன் வைக்காத பிடிவாதம். அது நல்ல குணம் மாதிரித் தெரியும், ஆனால் உதவி செய்ய வருகிறவர்களை அவமானப்படுத்திவிடும். பெயர், வயது, ஊர், மகள், புயல், கடல் எல்லாம் போயிற்று. ஆண் என்பதும் போயிற்று.

புதுக் கதை திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், 1999-ல், மெலிதாகப் பேய் வாடை அடிக்கிற கதை. மற்ற ஐந்து பேரும் அறைவாசிகள். நான் பவுனக்கா, வயது 38, பக்கத்துச் சந்தில் மெஸ் நடத்தி அறைகளுக்கு டிபன் கேரியர் அனுப்புகிறவள். விவரத்தாளை ஒரு தபால் அட்டை அளவுக்கு வெட்டிய அட்டையில் எழுதினேன். அதற்கு மேல் இடமில்லை என்பதால் அதற்கு மேல் எழுதவில்லை. 40 நிமிஷம். கீழே ஒரே ஒரு வரி புதிது: மெஸ்ஸை வைத்துக்கொள்ள இன்னும் ஆறு மாதம்தான் தவணை. கொழும்புத் தோழி கேட்ட ‘என்ன வேணும்’ என்ற கேள்விக்கு அது.

முதல் பதிவில் அவள் பின்கட்டில் திரும்பி வந்த கேரியர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிறாள். திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றைத் தூக்கியதும் நின்று, மாடியைப் பார்த்து, “பதினேழாம் நம்பர். இதோட மூணு வேளை” என்கிறாள்.

பதினேழாம் நம்பர் கோவைத் தம்பியின் பாத்திரம். அவன் ஆள் சாப்பிடுகிறானா இல்லையா என்று அவனே அதுவரை யோசித்திருக்கவில்லையாம். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: வேலை போனதை அறைத்தோழனிடம் மறைத்துக்கொண்டு, தினமும் காலையில் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவன், கடனாகச் சாப்பிடக் கூச்சப்பட்டுக் கேரியரை அப்படியே திருப்பி அனுப்புகிறான். அடியில் அரட்டை அறையில் தனியாக, “அண்ணா, நல்லா மாட்டி விட்டுட்டீங்க” என்று போட்டிருந்தான். கடன் வைக்காத அக்காவும் கடன் வாங்கக் கூசுகிற பையனும். இதை நான் திட்டம் போடவில்லை.

அதற்குப் பிறகும் சறுக்கல் உண்டு. பதினான்காவது பதிவில் பவுனக்கா ஒரு பையனைத் திட்டும்போது ‘கச்சான் காத்து அடிச்ச மாதிரி’ என்று சொல்லிவிட்டாள். மெஸ் நடத்துகிறவளுக்குக் கடற்கரைக்காரர் பேச்சு எங்கிருந்து வந்தது? மதுரைக்காரர் கண்டுபிடித்து, “யார்யா அது உள்ளேயிருந்து பேசுறது” என்று கேட்டார். அன்றைக்கே பழைய பிரிண்டிலிருந்து மரியசூசையின் சொற்கள் 23-ஐப் பொறுக்கி அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அவை இவள் வாயில் வரக் கூடாது.

பெரிய சறுக்கல் இருபத்தோராவது பதிவில். மரியசூசையின் முன்னொட்டு ‘ம:’. மெஸ் அக்கா என்பதால் இவளுக்கு ‘மெ:’. பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் தட்டும்போது கொம்பு விழவில்லை. ராத்திரி பத்து மணி, மேன்ஷன் படிக்கட்டு, யாருமில்லாத இடத்தில் மரியசூசை, அவனுடைய படத்தோடும் பெயரோடும், “கேரியரைக் கீழே வை” என்கிறான். சிவப்புப் பெருக்கல் குறியைத் தட்டினால் அழிந்துவிடும். அதற்குள் இரண்டு பேர் அலறிக்கொண்டு பதில் போட்டுவிட்டார்கள். பேய்க் கதை, பழைய கதைப் போர்ட்டர், படிக்கட்டு. அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. எனக்குத்தான் ரொம்பத் தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டுமா?

வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு வாரம் எல்லோரும் பேயைத் துரத்தினார்கள். வேலை போன பையன், தவணை, கேரியர் எல்லாம் நின்றுபோயின. நான் பேயாகவும் அக்காவாகவும் எழுதி, பேய்க்கு நல்ல வரிகளாகக் கொடுத்தேன். அக்கா அடுப்பங்கரையில் சும்மா நின்றாள். மறுபடியும் எல்லாம் சிவப்பு. கடைசியில் நானே கேட்டுக்கொண்டு அந்த இரண்டு வாரப் பதிவுகளை வேறு சேனலுக்கு நகர்த்தி, நடக்காததாக வைத்துக்கொண்டோம். ‘ம:’ முன்னொட்டை டப்பர்பாக்ஸிலிருந்தே அழித்தேன். அழிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது.

அடுத்த தடவை சிலதை மாற்றிச் செய்வேன். 212 பக்கமும் தேவைப்படவில்லை, கதையின் நடுவிலிருந்து 40 பக்கம் போதும். 60 ரூபாயில் முடிந்திருக்கும். பழைய பாத்திரத்தின் முன்னொட்டை முதல் நாளே அழிப்பேன். விலக்கு வைக்க வேண்டிய சொற்களைப் பதினான்காவது பதிவு வரை காத்திருக்காமல் அட்டையோடு சேர்த்து எழுதுவேன். அப்புறம், ஒரு கதை முடிந்த கையோடு எடுக்க மாட்டேன். உவர்நாட்டுக்கு நான் மரியசூசையைக் கொண்டுபோனது தனுஷ்கோடி முடிந்த பன்னிரண்டாம் நாள். பவுனக்காவுக்கு வேண்டியதை எடுத்தபோது ஏழு மாதம் ஆறியிருந்தது. அதற்குள் எனக்கே அவனுடைய மகள் பெயர் மறந்துவிட்டிருந்தது. தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீலவேணியின் 11 பக்கம் சும்மா கிடக்கிறது. அதிலிருந்து கிளியை மட்டும் எடுத்து மேன்ஷன் வராந்தாவில் கூண்டில் தொங்கவிட்டிருக்கிறேன். இதுவரை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நாற்பதாவது பதிவில் பவுனக்கா பதினேழாம் நம்பர் கேரியரைத் தூக்குகிறாள். லேசாக இருக்கிறது. கழுவியும் வைத்திருக்கிறது, எந்த அறையும் கேரியரைக் கழுவி அனுப்பியதில்லை. “ஒண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். தம்பி இன்னும் பதில் போடவில்லை. அவனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்.